நரி எனக்குத் தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

1

எங்கள் வீதியில் குப்பைத் தொட்டிகளைப் புரட்டும் நரிக்கும் எனக்கும் நீண்ட காலப் பகை. ஸ்ட்ரெதமுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது எங்கள் வீட்டுத் தொட்டியைத்தான் முதலில் கவிழ்க்கும். கவுன்சில்காரர் பூட்டுப் போட்ட தொட்டி தந்தார்கள். நரி இரண்டே வாரத்தில் பூட்டைத் திறக்கப் பழகிக்கொண்டது. காலையில் வேலைக்குப் புறப்படக் கதவைத் திறந்தால், மதிலடியில் நின்று என்னைப் பார்க்கும். நான் கையை ஓங்கினால் அசையாது.

“நரி முகத்தில முழிக்கிறது நல்லதெல்லே. ஏன் கலைக்கிறியள்?” என்பாள் என் மனைவி றெஜி.

ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் நரியைக் காண்பதே அரிது, அதனால் சொல்லியிருப்பார்கள். இங்கே தெற்கு லண்டன் முழுவதும் தினமும் நரி முகத்தில்தான் முழிக்கிறது. அதனால் அதிர்ஷ்டம் வந்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் எதையும் லேசில் நம்பாதவன். என் வேலை அப்படி. இருபத்திரண்டு வருடமாக ஒரு ரெயில் நிலையத்தின் ரிக்கெற் கேற்றடியில் நிற்கிறேன். முன்னால் போகிறவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நுழைகிறவர், பிள்ளையின் ரிக்கெற்றில் வரும் மீசைக்காரர், எல்லோரையும் தூரத்திலேயே கண்டுகொள்வேன். ரிக்கெற்றைத் தொலைத்துவிட்டேன் என்று ஒருவர் எல்லாப் பொக்கற்றையும் தட்டிப் பார்த்தால் அவர் பொய் சொல்கிறார். உண்மையாகத் தொலைத்தவர் ஒரே பொக்கற்றைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவார்.

என்னோடு நிற்கும் டெரிக் ஆறடி உயரம், ஜமேக்காக்காரரின் மகன். நான் ஆளைக் கண்டுபிடிப்பேன், அவன் நிறுத்துவான். “நீ தலையை ஆட்டினால் போதுமே, நான் பிடித்துக்கொள்கிறேன்” என்று வந்த புதிதில் பல தடவை சொன்னான். நான் தலையாட்டுவதில்லை. கழுத்து ரையைத் தொடுவேன். அது ஏன் என்று அவன் கேட்டான், நான் பழக்கம் என்றேன்.

வீட்டிலும் தலையாட்டல் கிடையாது. மகள் ஜெனி சின்னவளாக இருந்தபோது “சாப்பிட்டியோ?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். “வாயால சொல்லு பிள்ளை” என்பேன். சொல்லும் வரைக்கும் விடமாட்டேன். எல்லாத் தமிழ்த் தகப்பன்மாரும் இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

2

இந்தக் குளிர்காலத்தோடு நான் லண்டன் வந்து முப்பது வருடம் முடிகிறது.

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எனக்கு முட்டை சான்விச் ஒன்று தந்தார். நான் அதைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, யோசிக்காத வருடமும் இல்லை. அந்த நாள் திரும்பி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் முட்டை சான்விச்தான். றெஜியும் ஜெனியும் என்னைப் பகிடி பண்ணுவதற்காகத் தங்களுடையதையும் பிரித்து, உற்றுப் பார்த்து, மூடிவைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

இந்த வருடம் ஜெனி பகிடி பண்ணவில்லை. மூன்று வாரமாக அவள் என்னோடு கதைக்கவேயில்லை.

ஜெனிக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு முடித்துவிட்டு ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வேலை என்றாள். சனி ஞாயிறுகளில் காணாமற்போவாள். “எங்கை போறாய்?” என்றால் “வெளியால” என்பாள். திரும்பி வரும்போது தலைமயிர் ஈரம். முழங்காலில் நீலம் பாரித்த கண்டல். ஒருநாள் தொலைபேசியில் தன் சினேகிதி பிரியாவிடம் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: “என் தலையை உன் வீட்டிலே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.” இன்னொரு நாள்: “தலை இன்னும் காயவில்லை, நாற்றம் தாங்க முடியாது.”

எனக்கு ஹெட் என்றால் தலைதான். ஆனால் இந்த மொழியின் சின்னச் சொற்களில் எனக்கு நம்பிக்கையில்லை. வந்த புதிதில் ஒரு கடையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு “உன்னைப் போக விடுகிறோம்” என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் சொன்னார். வேளைக்கு வீட்டுக்குப் போக விடுகிறார், எவ்வளவு நல்ல மனிசன் என்று கைகொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போய் நின்றேன். வேலையை விட்டு நிற்பாட்டியதைத்தான் இங்கே அப்படி மரியாதையாகச் சொல்வார்கள் என்று அங்கே வைத்துத்தான் விளங்கியது. அதனால் ஹெட் என்றால் வேறு என்ன அர்த்தம் என்று டெரிக்கிடம் கேட்டேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். யார் சொன்னது என்று கேட்டான். என் மகள் என்றதும் சிரிப்பை நிறுத்தி, “எனக்குத் தெரியாது” என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஏதோ கெட்ட அர்த்தமும் இருக்கிறது என்று மட்டும் விளங்கியது. அன்று இரண்டு பேர் ரிக்கெற் இல்லாமல் எனக்கு முன்னாலேயே போனார்கள். நான் பார்க்கவில்லை.

அந்தக் கிழமைதான் ஜெனியின் தோள் பாக்கைத் திறந்தேன். உள்ளே முழங்காலுக்குப் போடும் பட்டிகள், வியர்வை மணம், ஒரு தாள். தாளில் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருந்தது. “மேற்சொன்ன அடையாளத்தைக் குடும்பத்தினர் உட்பட எவருக்கும் வெளிப்படுத்த மாட்டேன்” என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே என் பிள்ளையின் கையெழுத்து. முன்பக்கம் இல்லாத தாளில் கையெழுத்து வைத்து அனுபவப்பட்டவன் நான். தாளை மூன்று தரம் வாசித்தேன்.

“அப்பா, என்ர பாக்கைத் திறந்தீங்களோ?”

“திறந்து கிடந்தது.”

“சிப் இழுத்து மூடியிருந்தது.”

“ஆருக்குப் பிள்ளை கையெழுத்து வைச்சுக் குடுத்தனீ? என்னத்தைச் சொல்ல மாட்டன் எண்டு வைச்சனீ?”

அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போதாது. ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். நான் உங்கள் கேற்றைக் கடந்து போகிற பாசஞ்சர் இல்லை என்றாள். கதவு சாத்திய சத்தத்தில் சுவரில் இருந்த மாதா படம் சரிந்தது.

பிறகு செய்தியெல்லாம் றெஜி வழியாகத்தான் வந்தது. “மாத முடிவில பிரியா வீட்டை போய் இருக்கப் போறாளாம். தன்ர சாமான் வைக்க இடம் வேணுமாம். இஞ்ச வைச்சா நீங்கள் கிளறுவியளாம்.”

“என்ன சாமான்?”

“பாத்தியளோ? இதைத்தான் சொல்லுறாள்.”

முட்டை சான்விச் தின்றுகொண்டிருந்தபோது என் தொலைபேசி சிணுங்கியது. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தபடியே ஜெனி எனக்கு ஒரு ரிக்கெற் அனுப்பியிருந்தாள். பாஸ்கட்போல். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி.

“ஒண்டுதான் இருக்கு. அம்மாவுக்கு ஷிப்ட். நீங்கள் வாங்கோ.”

“நீ வரேல்லையோ?”

“நான் அங்கதான் நிப்பன்.”

“எங்கை நிப்பாய்?”

“சொல்ல ஏலாது. வந்து பாருங்கோ, அப்பா. பாத்தாப் பிறகு நான் போறதோ இருக்கிறதோ எண்டு கதைப்பம்.”

அன்று இரவுச் செபத்தில் றெஜி எனக்காகத் தனியாக ஒன்று சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாக.

3

அரங்கின் பெயரையும் அணியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போக விளங்கும். நகரத்து நடுவில், ரெயிலும் ரியூப்பும் மாறிப் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியெல்லாம் யோசித்தேன். என் முடிவு இதுதான்: ஜெனிக்கு ஒரு பொடியன் இருக்கிறான். அவன் விளையாடுகிறவனாக இருக்கலாம், அல்லது அங்கே வேலை செய்கிறவனாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில் காட்டினால் அப்பா கத்தமாட்டார் என்று கணித்திருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

நான் ரிக்கெற்றைத் தாளில் அச்சடித்து, நான்காக மடித்துக் கொண்டுபோயிருந்தேன். வாசலில் நின்ற பெண் பிள்ளை அதைத் தொடக்கூட இல்லை. தொலைபேசியில் காட்ட வேண்டுமாம், கோடுகள் அசைந்துகொண்டே இருக்குமாம், படமெடுத்தால் செல்லாதாம். இவ்வளவு சந்தேகப்படுகிற நிர்வாகத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் தொலைபேசியை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன். கோட்டில், உள்ளே, காற்சட்டையில் என்று எல்லாப் பொக்கற்றையும் தட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இருபத்திரண்டு வருடமாக நானே பார்த்த பார்வை.

அடுத்தது பாக் சோதனை. றெஜி கட்டித் தந்த நான்கு ரோல்ஸ் பெட்டியில் இருந்தது. வெளிச் சாப்பாடு கூடாதாம். உள்ளே என்ன என்று செக்கியூரிற்றி கேட்டான். மீனும் கிழங்கும் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஒன்றை எடுத்துப் பிய்த்து உள்ளே பார்த்தான். முப்பது வருடத்துக்குப் பிறகு லண்டன்காரன் ஒருவன் என் சாப்பாட்டைப் பிரித்துப் பார்க்கிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எறிய மனம் வராமல், கியூவுக்குப் பக்கத்தில் நின்று மிச்ச மூன்றையும் தின்று முடித்தேன். பிறகு ஒரு தடியால் உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். கையைத் தூக்கு என்று அவன் சொல்ல முன்னரே நான் தூக்கிவிட்டேன். அது எனக்குத் தானாக வரும்.

உள்ளே போய் என் கதிரையைக் கண்டுபிடித்து, அவசர வழிகள் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பக்கமும் நான்கு.

4

திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. பேர்ஸைப் பிடித்துக்கொண்டேன். நெருப்பு பீச்சியது, மேளம் அடித்தது, ஒவ்வொரு விளையாட்டுக்காரராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லோரும் மின்கம்ப உயரம். விளக்கு வந்ததும் உச்சியில் தொங்கிய பெரிய திரையில் ‘சத்தம் போடு’ என்று எழுத்து வந்தது. சனம் சத்தம் போட்டது. ‘இன்னும்’ என்று வந்தது. இன்னும் போட்டது. எழுதிக் காட்டித்தான் சத்தம் போட வைக்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ சூது இருக்கிறது என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

“சார், ஃபர்ஸ்ட் டைமா?”

பக்கத்துக் கதிரையில் ஒரு இளந்தாரி. தமிழ். ஆயிரக்கணக்கான கதிரைகள் இருக்கும் அரங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பொடியன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஓம்” என்றேன். “உங்கட பேர்?”

“கார்த்திக் சார். கோயம்புத்தூர். நீங்க சிலோனா?”

இந்தியாக்காரன். நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பிள்ளையின் வாழ்க்கை, பொறுமையாக விசாரிப்போம் என்று தொடங்கினேன். என்ன வேலை, எத்தனை வருடமாக இங்கே, வீசா என்ன மாதிரி, தாய் தகப்பன் எங்கே, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், குடிக்கிற பழக்கம் உண்டோ. அவன் கண்ணை ஆட்டத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். நல்ல பொடியன்தான். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறான், அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“வேதக்காரரோ? சேர்ச்சுக்குப் போறனீங்களோ?” என்றேன் கடைசியாக.

“இல்ல சார். ஏன் கேக்குறீங்க?”

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு இருதய வடிவம் வந்தது. அதற்குள் யாருடைய முகம் வருகிறதோ அவர்கள் பக்கத்தில் இருப்பவரை முத்தமிட வேண்டுமாம். நான் அவனிடமிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தேன். “பயப்படாதீங்க சார், என் ஒய்ஃப் வந்துட்டாங்க” என்றான். ஒரு பெண் பிள்ளை இரண்டு கையிலும் சோளப்பொரியோடு வந்து அவனுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தாள். “இவரு நம்ம ஆளு. நம்ம ஃபேமிலி ஹிஸ்டரி முழுக்கக் கேட்டுட்டாரு” என்று என்னைக் காட்டினான். அவள் எனக்குச் சோளப்பொரி நீட்டினாள். வெட்கத்தில் உள்ளே பார்க்காமலே எடுத்துத் தின்றேன்.

பிறகு அவன் எனக்கு ஆட்டத்தைச் சொல்லித் தந்தான். பந்தை வைத்திருந்தால் இருபத்துநான்கு செக்கனுக்குள் எறிய வேண்டும். விசில் ஊதினால் மணிக்கூடு நின்றுவிடும். பத்து நிமிட ஆட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது எப்படி என்று அப்போதுதான் பிடிபட்டது. ஆட்டம் நிற்கிற நேரமெல்லாம் ஒரு நரி ஓடிவந்தது. ஆள் ஒருவர் போட்டிருக்கும் வேடம். உடம்பெல்லாம் செம்பட்டை மயிர், அண்டா அளவு தலை, அகலச் சிரிப்பு. படிகளில் சறுக்கி விழும், யாரோ ஒருவரின் மடியில் போய் இருக்கும், மொட்டைத் தலைகளைத் துடைத்துவிடும். கதைக்காது. எல்லாம் தலையாலும் கையாலும்தான்.

“அந்த ஃபாக்ஸ் செம சார்” என்றான் கார்த்திக்.

நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முகத்தை மூடிய எவரும் எனக்கு ஆகாது. ஜெனியை ஒரு வருடமேனும் வெள்ளைத் தாடி வைத்த நத்தார் தாத்தாவோடு நிற்க வைத்துப் படம் எடுக்க நான் விட்டதில்லை.

5

இடைவேளையில் சனம் எழுந்து போனது. கீழே மரத்தளம் வெறுமையாகக் கிடந்தது. வளையத்துக்கு நேர் எதிரே ஒரு கோடு. அந்தக் கோட்டில் நின்றுதான் தண்ட எறி எறிவார்கள் என்று கார்த்திக் சொல்லியிருந்தான். எனக்கு அந்தக் கோட்டை முன்பே தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதர்மார் போட்ட சீமெந்துத் தளம் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் வளையம். எனக்குப் பதினேழு வயதில் ஒரு விடியற்காலை ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் அங்கே கொண்டுபோய் இருத்தினார்கள். எந்த ஆமி என்று கேட்காதீர்கள். இலங்கை ஆமி, இந்திய ஆமி, நான் இரண்டையும் கண்டவன். கையிரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். வளையத்துக்குக் கீழே கதிரையில் ஒருவன் இருந்தான். தலைக்குச் சாக்கு. சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அந்தக் கோட்டில் போய் நிற்க வேண்டும். அவன் பார்ப்பான். சும்மா இருந்தால் இந்தப் பக்கம், இயக்கத்து ஆள் என்று தலையாட்டினால் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் லொறி நின்றது. அவனைப் போன்றவர்களுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் தலையாட்டி.

எனக்கு முன்னால் நின்றவன் என் வகுப்புக்காரன் யோகன். சாக்கு ஆடியது. யோகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்துக்கொண்டேன். அவன் பிறகு வரவில்லை.

அடுத்தது நான். கோட்டில் நின்றேன். அந்த இரண்டு ஓட்டைகளும் என் முகத்தில் எவ்வளவு நேரம் நின்றன என்று எனக்குத் தெரியாது. தலை ஆடவில்லை. இந்தப் பக்கம் வந்துவிட்டேன். போகும்போது அவன் காலைப் பார்த்தேன். பாட்டாச் செருப்பு, பெருவிரலில் நகம் இல்லை. எங்கேயோ பார்த்த கால். யாருடையது என்று அன்றும் பிடிபடவில்லை, இன்றும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஊரில் எல்லோருடைய காலையும் பார்த்துத்தான் முகத்தைப் பார்த்தேன். ஏன் எனக்கு ஆட்டவில்லை என்பதும் தெரியாது. மறந்துபோய் விட்டானோ, நினைவு வந்தால் ஆட்டுவானோ என்று நாடு கடந்து வந்த பிறகும் யோசித்திருக்கிறேன்.

இதை றெஜிக்குப் பாதி சொல்லியிருக்கிறேன். ஜெனிக்குச் சொன்னதில்லை. டெரிக்குக்குத் தலையாட்டாமல் ரையைத் தொடுகிறவனுக்கு, தான் என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. ரையைத் தொட்டாலும் ஆள் நிறுத்தப்படுகிறார்தானே.

மூன்றாவது பகுதி நடந்துகொண்டிருந்தது. விசில் ஊதி ஆட்டம் நின்றது. பாட்டும் நின்றது. நரி எங்கள் பக்கத்துப் படிகளில் ஏறி வந்தது. பின்னால் கமெராக்காரன். நெற்றியில் கையை வைத்து யாரையோ தேடுவதுபோல் பார்த்தது. எங்கள் வரிசைக்கு வந்தது. முதலாவது ஆளைப் பார்த்தது, இல்லை என்று கையை விரித்தது. அடுத்த ஆள். இல்லை. சனம் சிரித்தது. கார்த்திக்கின் மனைவி, கார்த்திக். இல்லை, இல்லை.

எனக்கு முன்னால் நின்றது. வாய்க்குள் கறுப்பு வலை. அதற்குப் பின்னால் இரண்டு கண் இருக்கிறதென்று தெரிந்தது.

நரி தலையாட்டியது. மெதுவாக ஒருமுறை. பிறகு வேகமாக, திரும்பத் திரும்ப.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது ஆறுதல். ஒருவழியாக வந்துவிட்டது என்ற ஆறுதல். நான் எழும்பினேன். கையிரண்டையும் தலையில் வைத்தேன். வரிசையை விட்டு வெளியே வந்து, லொறி எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

பெரிய திரையில் என் முகம். அரங்கு முழுவதும் ஓவென்று கத்தியது. இது ஏதோ ஆட்டம், அந்த ஆள் நன்றாகச் செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் கையைத் தலையில் வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். பிறகு அந்தப் பக்கம், மேல்மாடி, எதிர்ப்பக்கம், தாய் தகப்பன், பிள்ளைகள், சோளப்பொரி விற்கிறவள் என்று கண்ணுக்கெட்டிய அத்தனை சனமும் கையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தது. அவ்வளவு பேரை அப்படி நான் அந்த ஒருநாள் மட்டும்தான் கண்டிருந்தேன். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கையை இறக்கவில்லை.

நரி ஆட்டத்தை நிறுத்தியது. கமெராக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை மறைத்து நின்றது. மயிர்க் கையுறையால் என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கியது. அந்தப் பெரிய தலை என் நெற்றியில் முட்டியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அப்பா. கையை இறக்குங்கோ. நான்தான்.”

தமிழில்.

“பிள்ளையோ?” என்றேன்.

“ஓம் அப்பா. பயப்பிடாதேங்கோ. நான்தான்.”

பிறகு நரி என்னைக் கட்டிப்பிடித்தது. சனம் கைதட்டியது. விசில் ஊதியது, ஆட்டம் தொடர்ந்தது. எந்த அணி வென்றது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெளியே போகும் வழியில் கார்த்திக் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “சார், அந்த நரி தமிழ்லயா பேசுச்சு?”

“நரியோ? தமிழோ?” என்றேன். “தம்பி, உமக்கு என்ன விசரோ?”

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை இமைக்கவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடம் எத்தனையோ பேரின் பொய்யைப் பார்த்துப் பழகியவன், எனக்கும் கொஞ்சம் வரும்.

6

பின்பக்கத்து வாசலில் ஜெனி வந்தாள். தலைமயிர் ஈரம். முழங்காலைத் தடவிக்கொண்டே நடந்தாள். தோளில் பெரிய பை.

“யாரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. வீட்டுக்காரருக்கும் சொல்லக்கூடாது. அதுதான் கையெழுத்து” என்றாள். “சின்னப் பிள்ளையள் நரியை நரியெண்டுதான் நம்ப வேணும். கதைக்கவும் கூடாது. இண்டைக்குக் கதைச்சிட்டன்.”

“ஆரும் கேட்டிருப்பினமோ?” என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்கள் வரேக்க உங்களைக் கண்டுபிடிச்சுத் திரையில காட்டினா உங்களுக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்சன். முப்பது வருசமெல்லே.” அவள் குரல் உடைந்தது. “ஏன் அப்பா கையைத் தூக்கினீங்கள்?”

பாலத்தடியில் ஒரு மர வாங்கில் இருந்தோம். சொன்னேன். சீமெந்துத் தளம், சாக்கு, யோகன், கால். ரெயில்கள் மேலே போகும்போது நிறுத்தி, போனபின் தொடர்ந்தேன். சில சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை. சாக்கு என்றால் என்ன என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன், அது சின்னச் சொல்லாக இருந்தது.

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, “எல்லாத்தையும் வாயால சொல்லு, வாயால சொல்லு எண்டு என்னைக் கலைச்சுக் கலைச்சுச் சொன்னனீங்கள். நீங்கள் இதைச் சொல்லேல்லையே, அப்பா” என்றாள். கோபம்தான், ஆனால் தமிழில் இருந்தது.

நான் பாக்கைத் திறந்தது பிழை என்றேன். ஓம், பிழைதான் என்றாள். பிரியா வீட்டுக்குப் போவதைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம். ரெயிலில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

7

மாதத்தின் கடைசி நாள். முதல் ஷிப்ட். வழக்கம்போல் விடிய முதலே எழும்பிக் குசினிக்குப் போய் விளக்கைப் போட்டேன். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே, துவாயை விரித்து, அதன்மேல் நரியின் தலை இருந்தது. கழுவிக் காயவைத்திருக்கிறாள். பெரிய சிரிப்போடு என்னையே பார்த்தது.

நான் அதை நேருக்கு நேர் பார்த்தேன். உள்ளே எப்படி இருக்கும், எதால் தைத்திருப்பார்கள், மூச்சு எந்த வழியாகப் போகும், வெக்கை தாங்குமோ என்றெல்லாம் யோசனை ஓடியது. கை தானாகப் போனது. காதைத் தூக்கிக் கொஞ்சம் சரித்தால் உள்ளே பார்த்துவிடலாம். கையை இழுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஊரில் இருப்பதால்தான் எழுதுகிறேன். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு அனுப்பி என் பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

“நரி முகத்தில முழிச்சிருக்கிறியள்” என்று மேலேயிருந்து றெஜியின் குரல் கேட்டது. அவளுக்கு எல்லாம் முன்பே தெரியுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு விசாரிக்க வேண்டும்.

படியில் ஜெனி நின்றாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“உள்ளுக்கை பாத்தீங்களோ?”

“இல்லை.”

என்னையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று கண்டுகொண்டாள் போலிருக்கிறது. அவளும் என் பிள்ளைதானே.

“அப்ப, இது இஞ்சயே இருக்கட்டோ?” என்றாள். பிறகு மெதுவாக, “நானும்?”

தலையாட்டினேன். ஒருமுறை ஆட்டினேன், போதாதென்று திரும்பத் திரும்ப ஆட்டினேன்.

ஜெனி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“வாயால சொல்லுங்கோ, அப்பா.”

வாயால் சொன்னேன்.